ஃபோகஸ்ட் ஃபண்டில் பணம் போடும் முன்: பெரிய நிறுவனங்கள், குறைந்த எண்ணிக்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் ‘ஃபோகஸ்ட்’ என்ற வகைப்பெயரோடு விற்கப்படும் மியூச்சுவல் ஃபண்டுகளில், பெரிய நிறுவனப் பங்குகளையே முதன்மையாக வாங்குபவற்றைப் பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. எந்த ஒரு ஃபண்டையும் வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல. வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுக்கத் தேவையான கணக்குகளும் விதிகளும் மட்டும்.

ஃபோகஸ்ட் ஃபண்ட் என்றால் என்ன? லார்ஜ் கேப் ஃபண்டும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. மியூச்சுவல் ஃபண்ட் வகைகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2017 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை மூலம் ஒழுங்குபடுத்தியது. லார்ஜ் கேப் ஃபண்ட் என்றால் பணத்தில் குறைந்தது 80% பெரிய நிறுவனப் பங்குகளில் இருக்க வேண்டும். எத்தனை பங்குகள் என்பதற்கு வரம்பு இல்லை. ஃபோகஸ்ட் ஃபண்ட் என்றால் அதிகபட்சம் 30 பங்குகள், பணத்தில் குறைந்தது 65% பங்குகளில் என்று அந்தச் சுற்றறிக்கை வகுத்தது. எந்த அளவுள்ள நிறுவனங்களில் கவனம் செலுத்தப் போகிறோம் என்பதை ஃபண்ட் நிறுவனமே திட்ட ஆவணத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ‘ஃபோகஸ்ட்’ என்ற பெயர் எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 30 பங்குகளில் 12 சிறிய நிறுவனங்களாக இருந்தாலும் அது ஃபோகஸ்ட் ஃபண்டுதான். பெரிய நிறுவனங்கள் வேண்டுமென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: திட்ட ஆவணத்தில் முதலீட்டு உத்தி என்ற பகுதி, ஃபண்ட் மாதந்தோறும் வெளியிடும் விவரத் தாளான ஃபேக்ட் ஷீட்டில் லார்ஜ், மிட், ஸ்மால் எவ்வளவு சதவிகிதம் என்ற பிரிவு. ஒரு மாத ஃபேக்ட் ஷீட் போதாது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தையதையும் எடுத்து ஒப்பிடுங்கள். லார்ஜ் கேப் அளவு 85%-லிருந்து 55%-க்கு இறங்கியிருந்தால், நீங்கள் வாங்கப் போவது வேறு ஒரு ஃபண்டை.

சில ஃபோகஸ்ட் ஃபண்டுகள் வெளிநாட்டுப் பங்குகளையும் ஒன்றிரண்டு வைத்திருக்கின்றன. அதையும் ஃபேக்ட் ஷீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

‘பெரிய நிறுவனம்’ எது என்று முடிவு செய்வது யார்?

ஃபண்ட் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆம்ஃபி. முழுச் சந்தை மதிப்பின் ஆறு மாதச் சராசரியை வைத்து நிறுவனங்களை வரிசைப்படுத்தி, ஜூன் இறுதி, டிசம்பர் இறுதி என ஆண்டுக்கு இருமுறை பட்டியல் வெளியிடுகிறது. முதல் 100 இடங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், அதற்குக் கீழே ஸ்மால் கேப்.

ஒரு நிறுவனம் 98-லிருந்து 106-க்கு நழுவினால், லார்ஜ் கேப் ஃபண்ட் தன் 80% கணக்கைச் சரிபார்க்க வேண்டிவரும். ஃபோகஸ்ட் ஃபண்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. நிறுவனம் நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் நினைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

30 பங்குகள் என்பது நிறையத்தானே? இதில் என்ன கூடுதல் ரிஸ்க்?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எடையை, அதாவது ஃபண்டின் மொத்தப் பணத்தில் ஒவ்வொரு பங்கும் எத்தனை சதவிகிதம் என்பதைப் பாருங்கள். ஒரு மாதிரி ஃபண்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 25 பங்குகள். முதல் பத்தின் எடை 9.5, 9, 8, 6.5, 5.5, 5, 4.5, 4, 4, 4, கூட்டினால் 60%. மீதி 15 பங்குகள் தலா 2.4% வீதம் 36%. ரொக்கம் 4%.

இதில் முதல் பங்கு 40% விழுந்தால் என்.ஏ.வி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பு, 3.8% குறையும். கடைசிப் பதினைந்தில் ஒன்று அதே 40% விழுந்தால் குறைவது 0.96% மட்டுமே. 60 பங்குகள் வைத்திருக்கும் ஒரு ஃபண்டில் 2% எடையுள்ள பங்கு அப்படி விழுந்தால் 0.8%. அதாவது, 25 பங்குகள் என்று எழுதியிருந்தாலும் உங்கள் பணத்தின் போக்கை முடிவு செய்வது முதல் ஐந்து பெயர்கள்தான். இந்த எடுத்துக்காட்டில் அவை மட்டுமே 38.5%.

பெரிய நிறுவனம் என்பதால் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடியை அதன் தலைவரே ஒப்புக்கொண்டபோது, பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பிழந்தது. அப்போது அது, 50 பெரிய நிறுவனங்களின் குறியீடான (இன்டெக்ஸ்) நிஃப்டி 50-இல் இருந்த நிறுவனம். யெஸ் பேங்க்கும் நிஃப்டி 50-இல் இருந்ததுதான். 2020 மார்ச் 5 அன்று அதிலிருந்து பணம் எடுப்பதற்குத் தற்காலிகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பிறகு வந்த சீரமைப்புத் திட்டத்தில், 100-க்கு மேல் பங்கு வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75% மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டப்பட்டது. இப்படி ஒன்று நடந்தால் ஃபண்ட் மேனேஜர் நினைத்தாலும் வெளியேற முடியாது. 9.5% எடையுள்ள பங்கு 75% விழுந்தால் ஃபண்டுக்கு 7% இழப்பு. 1.5% எடையில் இருந்திருந்தால் 1.1%. குறைந்த எண்ணிக்கையில் பணத்தைக் குவிப்பதற்குக் கொடுக்கும் விலை இதுதான். இது வராமலே போகலாம், ஒரே நாளில் வந்தும் நிற்கலாம்.

ஒரே பங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் போட முடியுமா?

முடியாது. மேனேஜரே பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஆக்டிவ் ஃபண்ட் ஒன்று தன் மதிப்பில் 10%-க்கு மேல் ஒரே நிறுவனப் பங்கில் வாங்கக் கூடாது என்பது செபி விதி. துறை சார்ந்த ஃபண்டுகளுக்கும், ஓர் இன்டெக்ஸை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகளுக்கும் விலக்கு உண்டு.

பலர் கவனிக்காத ஒரு விளைவு இதில் இருக்கிறது. நிஃப்டி 50-இல் அந்த 10% வரம்பு கிடையாது. எச்.டி.எஃப்.சி நிறுவனம் 2023 ஜூலை 1 அன்று எச்.டி.எஃப்.சி பேங்க்குடன் இணைந்தபோது, அந்த ஒரு பங்கின் எடை இன்டெக்ஸில் 10%-ஐத் தாண்டியது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்த ஆக்டிவ் ஃபண்டுகளுக்கு இணைப்புக்குப் பின் கூட்டு எடை வரம்பை மீறும் சிக்கல் வந்தது; மேலும் வாங்க வழியில்லை, சில ஃபண்டுகள் குறைக்க வேண்டியும் இருந்தது. இன்டெக்ஸின் தலைப்பங்கு வேகமாக ஏறும் ஆண்டில், அதை எவ்வளவு நம்பினாலும் இன்டெக்ஸ் அளவுக்கு மேனேஜரால் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டு ஃபண்ட் பின்தங்கினால், அதில் ஒரு பகுதி விதியால் வந்தது.

என் ஃபண்ட் இன்டெக்ஸை அப்படியே நகலெடுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் முக்கியமான சோதனை. வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

ஃபண்டின் முழு போர்ட்ஃபோலியோ, மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் எக்செல் கோப்பாக வந்துவிடும். ஃபண்ட் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் பெஞ்ச்மார்க் இன்டெக்ஸின் எடைப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் ஃபண்டில் உள்ள எடை, இன்டெக்ஸில் உள்ள எடை, இரண்டில் எது சிறியதோ அதை எழுதுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பங்குக்கு பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது ஒத்திருக்கும் பகுதி. அதை 100-இலிருந்து கழித்தால் கிடைப்பது ‘ஆக்டிவ் ஷேர்’. கூட்டுத்தொகை 45 என்றால் ஆக்டிவ் ஷேர் 55%.

இதைச் செய்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். இன்டெக்ஸில் 8% உள்ள பங்கை ஃபண்ட் 9% வைத்திருந்தால், மேனேஜர் உண்மையில் எடுத்திருக்கும் நிலைப்பாடு 1% மட்டுமே. இன்டெக்ஸில் இல்லாத ஒரு பங்கை 5% வைத்திருந்தால் அது முழு 5% நிலைப்பாடு. இன்டெக்ஸில் 6% உள்ள பங்கை வாங்காமலே விட்டிருந்தால் அதுவும் 6% நிலைப்பாடுதான், எதிர்த்திசையில். ‘முதல் பத்துப் பங்குகள்’ பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த மூன்றாவது வகை கண்ணில் படாது. வாங்காமல் விட்டவற்றையும் எழுதிப் பாருங்கள்.

முதல் 100 நிறுவனங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் ஃபண்டில் ஆக்டிவ் ஷேர் 80–90% வருவது கடினம். 60% அளவு என்றால் உழைப்பு தெரிகிறது. 35–40% என்றால், ஆக்டிவ் ஃபண்டுக்கான கட்டணத்தைக் கொடுத்துப் பெரும்பகுதி இன்டெக்ஸையே வாங்குகிறீர்கள். அதை வாங்க மிகக் குறைந்த செலவில் இன்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது.

இப்படிக் குவித்து வாங்கும் ஃபண்டுகள் ஏன் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களையே நாடுகின்றன?

அளவுதான் காரணம். ஃபண்டின் மொத்தச் சொத்து ரூ.20,000 கோடி என்றால், ஒரு பங்கில் 4% போடுவதற்கு ரூ.800 கோடி வேண்டும். ஒரு ஃபண்ட் நிறுவனம் தன் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து, எந்த ஒரு கம்பெனியிலும் வாக்குரிமையுள்ள பங்குகளில் 10%-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ரூ.5,000 கோடி சந்தை மதிப்புள்ள சிறிய நிறுவனத்தில் அந்த 10% என்பது ரூ.500 கோடி. ஆக, 4% எடையை எட்டவே முடியாது.

விற்பதும் அப்படியே. தினமும் பல நூறு கோடிக்கு வர்த்தகமாகும் பெரிய பங்கிலிருந்து ரூ.800 கோடியைச் சில நாட்களில் வெளியே எடுத்துவிடலாம். சிறிய பங்கில் முயன்றால் வாரக்கணக்கில் ஆகும். விற்கும்போதே விலை சரியும். ஃபோகஸ்ட் ஃபண்ட் ஒன்று வளர வளர அதன் லார்ஜ் கேப் அளவு கூடிக்கொண்டே போனால், அது மேனேஜரின் ரசனை மாற்றமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

இவை இன்டெக்ஸை ஜெயிக்கின்றனவா?

சில ஜெயிக்கின்றன, எல்லாம் அல்ல. இந்தியாவின் ஆக்டிவ் ஃபண்டுகளை இன்டெக்ஸோடு ஒப்பிட்டு எஸ் அண்ட் பி வெளியிடும் ஸ்பிவா அறிக்கைகளில், லார்ஜ் கேப் ஃபண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பின்தங்கியதாகவே பல முறை வந்திருக்கிறது. நாட்டிலேயே அதிகம் அலசப்படும் 100 நிறுவனங்களில், மற்ற யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. குறைந்த எண்ணிக்கையில் குவிப்பதால் மேனேஜரின் திறமை கூடிவிடுவதில்லை. திறமை இருந்தால் அதன் பலன் பெரிதாகத் தெரியும். இல்லாவிட்டால் அதன் சேதமும் பெரிதாகத் தெரியும்.

எனவே ‘கடந்த ஓராண்டில் 28%’ என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு ரோலிங் ரிட்டர்ன் பாருங்கள். ஆம்ஃபி தளத்தில் பழைய என்.ஏ.வி முழுதும் இலவசமாகக் கிடைக்கும். டைரக்ட் பிளான் (விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்குவது), குரோத் ஆப்ஷனில் (லாபம் ஃபண்டிலேயே தங்குவது) பத்தாண்டு மாத இறுதி என்.ஏ.வி-க்களை எடுங்கள். ஒவ்வொரு மாதத்திலிருந்தும் ஐந்தாண்டு தள்ளி வரும் மதிப்பை வைத்து ஆண்டு வளர்ச்சி கணக்கிடுங்கள். இப்படி 61 ஐந்தாண்டுக் காலங்கள் கிடைக்கும். பெஞ்ச்மார்க்கின் டோட்டல் ரிட்டர்ன் இன்டெக்ஸுக்கும் அதையே செய்யுங்கள். டிவிடெண்டைச் சேர்க்காத சாதாரண இன்டெக்ஸோடு ஒப்பிட்டால் ஃபண்ட் இல்லாத பெருமையைப் பெற்றுவிடும். அதனால்தான் 2018 பிப்ரவரி முதல் டோட்டல் ரிட்டர்ன் இன்டெக்ஸோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி சொல்லிவிட்டது. 61-இல் எத்தனை முறை ஃபண்ட் முந்தியது, பின்தங்கிய காலங்களில் மிக மோசமானது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் வேண்டும். முதல் எண் உங்கள் நம்பிக்கைக்கு. இரண்டாவது எண் உங்கள் பொறுமைக்கு.

ஒரு எச்சரிக்கை. 2017 சுற்றறிக்கைக்குப் பிறகு, 2018-இல் பல ஃபண்டுகள் பெயரும் வகையும் மாறின. எடுத்துக்காட்டாக, ஃபிராங்க்ளின் இந்தியா ஹை குரோத் கம்பெனீஸ் ஃபண்ட் அப்போதுதான் ஃபோகஸ்ட் ஈக்விட்டி ஃபண்ட் ஆனது. மாற்றத்துக்கு முந்தைய வருமானத்தை இன்றைய உத்தியின் சாதனையாக எண்ணக் கூடாது. இப்போதைய மேனேஜர் எந்தத் தேதியில் பொறுப்பேற்றார் என்பதையும் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தையது இன்னொருவரின் வேலை.

ஃபேக்ட் ஷீட்டில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

துறை வாரியான எடை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 28 பெயர்கள் இருக்கும். அதில் தனியார் வங்கிகள், ஒரு அரசு வங்கி, இரண்டு என்.பி.எஃப்.சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்), ஒரு காப்பீட்டு நிறுவனம் எனப் பத்துப் பெயர்கள் நிதித் துறையாகவே இருக்கும். வட்டி விகிதமோ வாராக்கடனோ திசை மாறினால் பத்தும் சேர்ந்தே அசையும். நிஃப்டி 50-இலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிதித் துறைதான். ஃபண்டில் அதற்கும் மேலே எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்து, டர்ன்ஓவர் விகிதம். நீண்ட காலத்துக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருப்போம் என்று சொல்லும் ஃபண்டில் அது 100%-க்கு மேல் இருந்தால், சராசரியாக ஓராண்டுக்குள் மொத்தப் பங்குகளும் மாறிவிடுகின்றன. சொல்லும் செயலும் பொருந்தவில்லை. வாங்கி விற்கும் செலவு தனியாக உங்கள் கண்ணில் படாது, என்.ஏ.வி-யில் கழிந்துவிடும்.

இன்ஃபர்மேஷன் ரேஷியோ: பெஞ்ச்மார்க்கை விட ஆண்டுக்கு 2% கூடுதலாகத் தந்து, அந்த வித்தியாசத்தின் ஏற்ற இறக்கம் 5% என்றால் இது 0.4. கூடுதல் வருமானம் சீராக வந்ததா, ஒரே ஆண்டின் அதிர்ஷ்டமா என்று ஓரளவு காட்டும். ஃபோகஸ்ட் ஃபண்டில் இந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே அதிகம்.

ரொக்கம் 10%-க்கு மேல் பல மாதங்கள் நிற்கிறதா என்றும் பாருங்கள். ரிஸ்க் அளவைக் காட்டும் ரிஸ்கோமீட்டர் உதவாது, பங்கு ஃபண்டுகள் ஏறக்குறைய எல்லாமே ‘மிக அதிகம்’ என்றுதான் காட்டும்.

என் பணத்தில் எவ்வளவு பங்கை இதில் வைக்கலாம்?

பங்குகளுக்கென்று ஒதுக்கிய தொகையில் 10 முதல் 20% வரை என்பதே எங்கள் கருத்து, அதுவும் அடித்தளமாக ஒரு இன்டெக்ஸ் ஃபண்டோ எல்லா அளவு நிறுவனங்களிலும் பரவலாகப் போடும் ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டோ ஏற்கெனவே இருந்தால். ஒரு ஆண்டில் ஃபோகஸ்ட் ஃபண்ட் இன்டெக்ஸை விட 5% பின்தங்கினாலும், 20% ஒதுக்கீட்டில் மொத்தத்துக்கு வரும் பாதிப்பு 1%. பொறுத்துக்கொள்ளலாம். முழுப் பணமும் அதில் இருந்தால் மூன்றாவது ஆண்டில் பெரும்பாலோர் தாங்காமல் விற்றுவிடுகிறார்கள். சரிவை விட அந்த விற்பனைதான் அதிக நஷ்டம் தருகிறது.

ஒன்று போதும். மூன்று ஃபோகஸ்ட் ஃபண்டுகளை வாங்கினால் 60, 70 பெயர்கள் சேர்ந்து, முதல் பத்தில் அதே வங்கிகளும் அதே ஐ.டி நிறுவனங்களும் திரும்பத் திரும்ப வரும். கையில் மிஞ்சுவது ஆக்டிவ் கட்டணத்தில் ஒரு இன்டெக்ஸ்.

ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம், அதாவது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு முன்பணம், இதில் வேண்டவே வேண்டாம். 2020 ஜனவரி நடுவில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி 50, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. ஐந்து லட்சம் பத்தே வாரங்களில் ஏறக்குறைய மூன்று லட்சமாக நின்ற கணக்கு அது.

எஸ்.ஐ.பி-யா, மொத்தமாகவா?

மாதச் சம்பளக்காரருக்கு, மாதந்தோறும் ஒரு தொகை போடும் எஸ்.ஐ.பி. கையில் பெரிய தொகை இருந்தால் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டு, 6 முதல் 12 மாதங்களில் எஸ்.டி.பி (தவணை தவணையாகத் தானே மாற்றும் ஏற்பாடு) மூலம் மாற்றலாம். ஒவ்வொரு எஸ்.டி.பி மாற்றமும் லிக்விட் ஃபண்டிலிருந்து ஒரு விற்பனை. அதில் வரும் சிறு லாபம் உங்கள் வருமான வரி வரம்பில் சேரும். இரண்டும் ஒரே ஃபண்ட் நிறுவனத்தில் இருந்தால்தான் எஸ்.டி.பி இயங்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெகுலர், டைரக்ட் – வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். இரண்டிலும் அதே பங்குகள், அதே மேனேஜர். ரெகுலர் பிளானில் விநியோகஸ்தரின் கமிஷன் ஆண்டுச் செலவு விகிதத்துக்குள் இருக்கிறது. டைரக்ட் பிளான் 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டிலும் உண்டு.

மாதம் ரூ.10,000 எஸ்.ஐ.பி, 20 ஆண்டுகள். கணக்குக்காக ஆண்டுக்கு 12% என்று வைத்தால் சுமார் ரூ.99.9 லட்சம். செலவில் 1% கூடி 11% ஆனால் சுமார் ரூ.87.4 லட்சம். வித்தியாசம் பன்னிரண்டரை லட்சம். நெருக்கடியில் கையைப் பிடித்து ‘விற்காதீர்கள்’ என்று சொல்லும் நல்ல விநியோகஸ்தர் கிடைத்தால் அந்தத் தொகைக்கு மதிப்பு உண்டு. கிடைக்கவில்லையென்றால் டைரக்ட்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது வெறும் பெயர் மாற்றம் அல்ல. பழையதை விற்றுப் புதியதை வாங்குவதாகவே கணக்கு. எக்ஸிட் லோடும் (குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் பிடிக்கும் கட்டணம்) மூலதன ஆதாய வரியும் வரலாம். புதிய எஸ்.ஐ.பி-யை டைரக்டில் தொடங்கி, பழைய யூனிட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது நல்லது.

வரி எப்படி?

உள்நாட்டுப் பங்குகளில் 65%-க்குக் குறையாமல் வைத்திருக்கும் ஃபண்டுகளுக்கு, 2024 ஜூலை 23 முதல்: 12 மாதங்களுக்குள் விற்றால் லாபத்தில் 20%. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் ரூ.1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5%. இரண்டுக்கும் மேல் 4% செஸ்.

ரூ.6 லட்சம் போட்டு மூன்று ஆண்டு கழித்து ரூ.9 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால்: லாபம் 3 லட்சம், 1.25 லட்சம் கழித்து 1.75 லட்சம், வரி ரூ.21,875, செஸ் ரூ.875, மொத்தம் ரூ.22,750. விற்பனையை மார்ச், ஏப்ரல் என இரண்டு நிதியாண்டுகளில் பிரித்தால், விலக்கு இருமுறை கிடைக்கும்.

எஸ்.ஐ.பி-யில் ஒவ்வொரு தவணைக்கும் தனி ஓராண்டுக் கணக்கு. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்படும். ‘தொடங்கி 14 மாதம் ஆகிவிட்டதே’ என்று மொத்தத்தையும் எடுத்தால், முதல் சில தவணைகளைத் தவிர மீதி எல்லாம் ஓராண்டு நிறையாதவை; 20% வரியும், பெரும்பாலான ஃபண்டுகளில் 1% எக்ஸிட் லோடும் சேர்ந்து விழும்.

டிவிடெண்ட் தரும் ஐ.டி.சி.டபிள்யூ ஆப்ஷனை விட்டுவிடுங்கள். அதில் வருவது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து முழு வரம்பு வரிக்கு உட்படும். பணம் தேவையென்றால் குரோத் ஆப்ஷனில் தேவையான அளவு யூனிட்களை விற்றுக்கொள்ளலாம்.

வாங்கும் வழிமுறை என்ன? எங்கே தடங்கல் வரும்?

முதல் தடங்கல் கே.ஒய்.சி. பான், ஆதார் இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் அட்டையில் சுருக்கமாகவும் மற்றதில் விரிவாகவும் இருப்பதால் இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கே.ஒய்.சி ஆவணங்களைப் பதிவு செய்து வைக்கும் கே.ஆர்.ஏ தளத்தில் பான் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ‘வேலிடேட்டட்’ என்றிருந்தால் எந்த ஃபண்டிலும் தடையின்றி வாங்கலாம். ‘ரிஜிஸ்டர்ட்’ என்றால் புதிய ஃபண்ட் நிறுவனத்தில் மறுபடி ஆவணம் கேட்கலாம். ‘ஆன் ஹோல்ட்’ என்றால் சரிசெய்யும் வரை பரிவர்த்தனை நடக்காது.

பிறகு ஃபண்ட் நிறுவனத்தின் தளம், எம்.எஃப் சென்ட்ரல், அல்லது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், ஹைதராபாத்தின் கேஃபின்டெக் ஆகிய பதிவாளர்களின் தளம் வழியே வாங்கலாம். டைரக்ட், குரோத் என்ற இரண்டு தேர்வுகளையும் பணம் செலுத்தும் முன் மறுபடி பாருங்கள். நாமினி விவரம் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

பணம் பிற்பகல் 3 மணிக்குள் ஃபண்ட் நிறுவனத்தின் கணக்கில் வந்து சேர்ந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. நீங்கள் 2.50-க்கு அழுத்தியது போதாது. வங்கி தாமதித்தால் மறுநாள் விலைதான். ரூ.10,000 போட்டால் 0.005% முத்திரைத் தீர்வை 50 காசு கழிந்து ரூ.9,999.50-க்கு யூனிட் வரும். என்.ஏ.வி ரூ.52.40 என்றால் 190.830 யூனிட்.

எப்போது வெளியேற வேண்டும்?

ஒரு மோசமான ஆண்டு காரணமல்ல. 2021-இன் பிற்பகுதிக்குப் பின் தரமான வளர்ச்சிப் பங்குகளை மட்டும் நம்பிய ஃபண்டுகள் பின்தங்கின. 2022 முதல் 2024 வரை அரசுத் துறைப் பங்குகள் ஓடியபோது இடைவெளி இன்னும் கூடியது. அந்த மேனேஜர்கள் தங்கள் பாணியை மாற்றாமல் இருந்தார்கள் என்றால், வாங்கும்போது அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். பாணிக்குச் சாதகமில்லாத காலம் மூன்று ஆண்டுகள் கூட நீளும்.

காரணமாகக் கொள்ள வேண்டியவை வேறு. சொன்ன உத்திக்கு மாறாக போர்ட்ஃபோலியோ போவது. தரம் பேசிய ஃபண்ட் திடீரென ஓடும் பங்குகளைத் துரத்துவது. ஆக்டிவ் ஷேர் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவது. மேனேஜர் விலகுவது: ஃபோகஸ்ட் ஃபண்டில் இது மற்ற எதையும் விடப் பெரியது, ஏனெனில் நீங்கள் வாங்கியதே அவருடைய தேர்வை. ஃபண்டின் அடிப்படைத் தன்மை மாறினால் எக்ஸிட் லோடு இல்லாமல் வெளியேற அவகாசம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. மேனேஜர் மாற்றம் அந்த வகையில் சேராது, எனவே சலுகை எதுவும் வராது. எஸ்.ஐ.பி-யை நிறுத்தி வைத்து, புதியவர் முதல் ஓராண்டில் எவற்றை விற்கிறார், எவற்றை வாங்குகிறார் என்று மாதாந்திரப் பட்டியலில் பாருங்கள். ஏற்கெனவே உள்ள யூனிட்களை அந்த ஓராண்டுக்குப் பின் முடிவு செய்யலாம். ஓராண்டு நிறையாத தவணைகளும் அதற்குள் நீண்ட கால வரிக்கு வந்துவிடும்.

ஐந்தாண்டு முடிந்து, டோட்டல் ரிட்டர்ன் இன்டெக்ஸை விடப் பின்தங்கி, அதற்கு மேலே சொன்ன எந்த விளக்கமும் பொருந்தவில்லையென்றால் இன்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறிவிடுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் நான் வாங்கலாமா?

இந்தியக் குடிமகனான என்.ஆர்.ஐ வாங்கலாம், என்.ஆர்.இ (வெளிநாட்டு வருமானத்துக்கானது) அல்லது என்.ஆர்.ஓ (இந்திய வருமானத்துக்கானது) கணக்கிலிருந்து ரூபாயில் பணம் வர வேண்டும். திருப்பி எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் என்.ஆர்.இ. வெளிநாடு போன பிறகும் பழைய உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கிலிருந்தே எஸ்.ஐ.பி ஓடிக்கொண்டிருந்தால் கே.ஒய்.சி-யில் நிலையை உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் விற்கும்போது பணம் சிக்கும்.

உள்நாட்டவருக்கு இல்லாத ஒன்று, விற்கும்போதே லாபத்தில் டி.டி.எஸ் பிடிக்கப்படுவது. கூடுதலாகப் பிடித்திருந்தால் இந்தியாவில் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களின் பணத்தைப் பல ஃபண்ட் நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்பவையும் கூடுதல் ஆவணங்கள் கேட்கும். அமெரிக்காவில் வரி செலுத்துபவருக்கு இந்திய மியூச்சுவல் ஃபண்ட் ‘பி.எஃப்.ஐ.சி’ என்ற கடுமையான வரி விதியின் கீழ் வந்து, ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். அங்குள்ள வரி ஆலோசகரிடம் கேட்காமல் ஒரு தவணையும் போடாதீர்கள்.